மூடிய பெட்டிக்கு வக்காலத்து வேண்டாம்

சென்ற இதழில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அசெம்பிள் செய்யும் காலம் மலையேறிவிட்டது, விவரம் தெரிந்தவர்கள் பிராண்டட் கம்ப்யூட்டர்தான் வாங்குவார்கள், நாலு காசு மிச்சம் பிடிக்க அசெம்பிள் செய்கிறவர்கள் கடைசியில் இரட்டைச் செலவு செய்கிறார்கள் என்பது அதன் சாரம். கட்டுரையாளருக்குச் சரளமான நடை. படிக்கிறவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதால்தான் இந்த எதிர்வினையை உடனே எழுதுகிறேன். கல்லூரியில் சேரும் பிள்ளைக்காக நகையை அடகு வைத்துக் கம்ப்யூட்டர் வாங்கும் குடும்பங்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கின்றன. அவர் பேச்சைக் கேட்டுப் பணத்தைக் கட்டினால், அடுத்த ஏழெட்டு வருஷம் அதன் பலனை அனுபவிக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைப்பவன் நான். பிராண்டட், அசெம்பிள்டு இரண்டும் என் மேஜைக்கு வருகின்றன. இரண்டிலும் நல்ல சரக்கும் உண்டு, குப்பையும் உண்டு. கட்டுரையாளர் என்ன செய்திருக்கிறார் என்றால், பிராண்டடில் நல்லதைப் பொறுக்கி எடுத்து, அசெம்பிள்டில் இருப்பதிலேயே மட்டமானதோடு நிறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். கட்டுரை முழுக்க இந்த ஒரே அநியாயம்தான் வெவ்வேறு வேஷத்தில் வருகிறது.

விலையில் மட்டும் அந்த வேஷம் தலைகீழ். அவர் போட்டிருக்கும் இரண்டு மொத்தத் தொகைகளில் அசெம்பிள்டு சில ஆயிரம் ரூபாய் கூடுதல். அந்த அசெம்பிள்டு பட்டியலில் என்ன இருக்கிறது? 16 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு எரியும் கண்ணாடிக் கேபினட். பிராண்டட் பக்கம் 8 ஜிபி ராம். கிராபிக்ஸ் கார்டே கிடையாது. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எத்தனை வாட், மதர்போர்டில் எத்தனை ராம் ஸ்லாட், எஸ்எஸ்டி எந்த ரகம் என்று ஒரு வார்த்தை இல்லை. கேம் ஆடுகிறவன் கேட்கும் மெஷினையும் டைப் அடிக்கிறவன் கேட்கும் மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மலிவு பார்த்தீர்களா என்று கேட்பதை ஒப்பீடு என்று நான் ஏற்க மாட்டேன். அதே புராசஸர், அதே ராம், அதே எஸ்எஸ்டி என்று வைத்துப் பட்டியல் போட்டிருந்தால் அவருடைய கட்டுரை இரண்டாவது பத்தியிலேயே நின்றுபோயிருக்கும்.

அந்த 8 ஜிபியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறைந்த விலை பிராண்டட் மெஷின்களில் அது பெரும்பாலும் ஒற்றை ஸ்டிக்காக வருகிறது. இன்றைய சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டு இரண்டு சேனலில் ராமோடு பேசக்கூடியது. ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கு வேண்டிய வேலையும் அதே ராமை நம்பித்தான் நடக்கிறது என்பதால், அடி அங்கேதான் பலமாக விழும். அசெம்பிள் செய்யும்போது இரண்டு 4 ஜிபியோ இரண்டு 8 ஜிபியோ போடச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் மறுக்க மாட்டார். பெட்டியாக வாங்கும்போது யாரிடம் போய்ச் சொல்வது?

விலை விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கும் பருவங்களும் உண்டு. 2020, 2021இல் கிராபிக்ஸ் கார்டு கிடைக்காமல் அலைந்தபோது, முழு மெஷினாக வாங்கினால்தான் கட்டுபடி ஆகும் என்ற நிலை பலருக்கு வந்தது. 2025இன் பிற்பகுதியில் ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போக, ராம் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அந்த வருஷம் டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட சமயத்தில், பழைய விலைக்கு மொத்தமாக வாங்கிக் குவித்து வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் மெஷின் மலிவாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. கட்டுரையாளர் இதைச் சொல்லியிருந்தால் அது வாசகருக்குப் பயன்பட்டிருக்கும். சந்தையின் ஒரு பருவத்தை எடுத்து, அதற்கு என்றென்றைக்குமான விதி என்று பெயர் வைத்துவிட்டார்.

பிராண்டடில் விண்டோஸ் இலவசமாக வருகிறது என்கிறார். இலவசம் இல்லை. அதன் விலை மெஷின் விலைக்குள் இருக்கிறது. அப்படி வரும் ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது. வாரண்டி முடிந்தபின் போர்டு போய், வேறு போர்டு மாட்டினால் லைசென்ஸும் போயிற்று. ரீடெய்ல் லைசென்ஸ் வாங்கினால் விலை கூடத்தான்; ஆனால் மெஷின் மாறினாலும் அது கூடவே வரும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அசெம்பிள் செய்து தரும் கடைகள் பலவற்றில் திருட்டு விண்டோஸைப் போட்டுக் கொடுக்கிறார்கள். அது தப்பு, அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. காசு இல்லை என்றால் உபுண்டு போடுங்கள். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் நன்றாகவே வேலை செய்யும். பேஜ்மேக்கர் இல்லாமல் பிழைக்க முடியாத டிடிபிகாரர்களுக்கு மட்டும் இந்த ஆலோசனை பொருந்தாது.

இதெல்லாம் சில்லறை விவகாரம். கட்டுரையில் என்னைக் கொதிக்க வைத்தது வேறொரு வரி. சாதாரண மக்களுக்குப் பாகங்களை மாற்றும் தேவையே வராது, எனவே உள்ளே என்ன இருக்கிறது என்பது பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இப்படி எழுத முடியுமா?

கோடையில் என் கடைக்கு ஒரு மெஷின் வந்தது. பத்திரப்பதிவு அலுவலகம் பக்கத்தில் ஜெராக்ஸும் டிடிபியும் வைத்திருக்கும் ஒரு பெண்மணியுடையது. பெயர் பெற்ற கம்பெனி, ஒல்லிக் கேபினட், ஒரு வருஷ வாரண்டி முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. கரண்ட் போய் வந்தபின் ஆன் ஆகவில்லை. திறந்து பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. எங்கள் தொழிலில் இதைவிடச் சாதாரணமான ரிப்பேர் கிடையாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பிரதான இணைப்பில் 24 பின் இருக்க வேண்டிய இடத்தில் 6 பின்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் கரண்டும் மதர்போர்டிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் பெட்டியோ ஒடுக்கமாக, நீளமாக, அந்தக் கேபினட்டுக்கென்றே செய்த அளவில் இருந்தது. என் அலமாரியில் இருந்த ஒரு எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்குள் உட்காராது. மாற்றுக் கேபிள் ஆன்லைனில் கிடைக்கும். வாங்கினாலும் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே தொங்கவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் கை படும் இடத்தில் அதைத் தொங்கவிட நான் சம்மதிக்கவில்லை.

“கம்பெனி சாமான்னு நம்பித்தானேண்ணே கூட ரூவா குடுத்து வாங்குனேன்” என்றார் அவர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பாகம் வரவழைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் காத்திருந்து பத்திரம் அடித்தார். முகூர்த்த நாள் பார்த்துப் பதிவுக்கு வருகிற கூட்டம் இரண்டு வாரம் அவருக்காகக் காத்திருக்காது. அதே இடத்தில் பொதுத் தரமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போட்ட அசெம்பிள்டு மெஷின் இருந்திருந்தால், மதுரையில் எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் மாற்று கிடைத்திருக்கும். அன்று சாயங்காலமே கடை ஓடியிருக்கும். பாகங்களை மாற்றும் தேவை வராத சாதாரண மக்கள் என்று கட்டுரையாளர் சொல்வது இவரைப் போன்றவர்களைத்தான்.

இது ஏதோ ஒரு மாடலில் நேர்ந்த விபத்து என்று அவர் தப்பிக்க முடியாது. 1990களின் கடைசியில் டெல் மெஷின்களில், பார்வைக்குச் சாதாரண ஏடிஎக்ஸ் போலவே இருக்கும் இணைப்பு வந்தது. வயர் வரிசை மட்டும் வேறு. வெளியில் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகினால் போர்டு கருகும். இன்று டெல், எச்பி, லெனோவோ மூன்றின் மாடல்களிலும் ஆளுக்கொரு பின் கணக்கு ஓடுகிறது. போர்டுக்கு 12 வோல்ட்டை மட்டும் கொடுத்து, மற்றதைப் போர்டிலேயே பிரித்துக்கொள்ளும் முறையில் குற்றம் இல்லை, கரண்ட் மிச்சம்தான். அந்த எஸ்எம்பிஎஸ்களின் தரமும் பெரும்பாலும் நல்லதே. இண்டெல் அதே முறைக்கு ஏடிஎக்ஸ்12விஓ என்று பொதுத் தரமே வகுத்து, 10 பின் இணைப்பை எல்லோருக்கும் திறந்து வைத்தது. அது வந்த பிறகும் தங்கள் தனிப் பின்னை விடாத மாடல்கள் தொடர்ந்து வருகின்றன. லெனோவோவின் ஏஎம்டி மாடல்கள் சிலவற்றில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அந்தப் போர்டில் ஒருமுறை ஓடிய புராசஸர் நிரந்தரமாக அந்த நிறுவனத்தோடு பூட்டிக்கொள்ளும். கழற்றி வேறு நிறுவனத்தின் போர்டில் போட்டால் ஓடாது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கு, அந்தப் புராசஸரை விற்கவோ வேறு மெஷினில் மாட்டவோ வழியில்லாமல் போகிறது என்பதுதான் நடைமுறை.

இந்த மூடிய பெட்டி வாதம் புதிதும் இல்லை. 1981இல் ஐபிஎம் தன் பிசியைச் சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே செய்தது. உள்விவரங்களையும் கையேடாக வெளியிட்டது. காம்பாக் அதற்கு இணையான மெஷினைச் செய்தது. பீனிக்ஸ் நிறுவனம் மெஷினைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளை யாரும் வாங்கிப் போட்டுக்கொள்ளும்படி எழுதி விற்றது. பிசி என்பது ஒரு கம்பெனியின் சொத்தாக இல்லாமல் போனது அப்போதுதான். கைவிட்டுப் போனதைத் திரும்பப் பிடிக்க 1987இல் பிஎஸ்/2 வரிசையையும் மைக்ரோ சேனல் என்ற இணைப்பு முறையையும் ஐபிஎம் கொண்டுவந்தது. பொறியியலாகப் பார்த்தால் மைக்ரோ சேனல் உயர்ந்ததுதான். ஆனால் அதைப் பயன்படுத்த ஐபிஎம்முக்குக் கப்பம் கட்ட வேண்டும். மற்ற நிறுவனங்கள் சேர்ந்து வேறு தரத்தை முன்வைத்தன. சந்தையும் ஐபிஎம் பின்னால் போகவில்லை. 1995இல் இண்டெல் ஏடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது. அன்றைய கேபினட்டின் திருகு ஓட்டைகள் இன்றைய போர்டுக்கும் பொருந்துகின்றன. நம் ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறியதும், தெருவுக்குத் தெரு டிடிபி சென்டர் வந்ததும் இந்தப் பொதுத் தரத்தால் விலை இறங்கிய அசெம்பிள்டு மெஷின்களால்தான். அந்த ஏணியில் ஏறி வந்த தலைமுறையிடம் அது வேண்டாம் என்று கட்டுரையாளர் போதிக்கிறார்.

அப்கிரேடு யாருக்கு வேண்டும் என்கிறாரே, நடந்ததைக் கேளுங்கள். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பொதுவாக இண்டெல் என்றால் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் பட்டியலில் இடம். 2017இல் முதல் ரைசனை பி350 போர்டில் போட்டு அசெம்பிள் செய்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய புராசஸர் பட்டியலில் இல்லை. ஆனால் ஏஎம்4 சாக்கெட்டில் 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ, பழைய போர்டிலும் போட ஏஎம்டி வழி திறந்துவிட்டது. பழைய புராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பிறகு கூலரைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, சாக்கெட் ஓரத்து நெம்புகோலைத் தூக்கி, புதியதை வைத்து, பயாஸில் டிபிஎம்மை ஆன் செய்ய வேண்டும். அரை நாளுக்குள் முடிகிற வேலை. அதே கேபினட், அதே எஸ்எம்பிஎஸ், அதே ராம். விண்டோஸ் 11 ஓடுகிறது. மெஷினும் வாங்கிய நாளைவிட வேகம்.

7ஆம் தலைமுறை இண்டெல்லில் அசெம்பிள் செய்தவருக்கு இவ்வளவு சுலபம் இல்லை, போர்டையும் மாற்ற வேண்டும். ஆனாலும் டிடிஆர்4 ராம் ஏற்கும் போர்டாகப் பார்த்து வாங்கினால் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் நான்கும் தப்பும். ஒல்லிக் கேபினட் பிராண்டட் வாங்கியவருக்கு? வேறு போர்டு அதற்குள் பொருந்தாது, எஸ்எம்பிஎஸ் வேறு போர்டுக்குப் பொருந்தாது. ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கச் சொல்கிறார்கள். சென்ற இதழ்க் கட்டுரையாளர் இரட்டைச் செலவு என்றாரே, அது இதுதான்.

வாரண்டி பற்றி அவர் எழுதியதில் பாதி உண்மை. பிராண்டட் மெஷினுக்கு ஆள் வீடு தேடி வருவார், ஒரே எண்ணுக்குப் போன் செய்தால் போதும். சரி. எத்தனை நாளைக்கு? வீட்டு மாடல்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம். அதற்கு மேல் வேண்டும் என்றால் தனிக்காசு. பெட்டியோடு வாங்கும் புராசஸருக்கு 3 வருஷம், மதர்போர்டுக்குப் பொதுவாக 3 வருஷம், எஸ்எஸ்டிக்கு ரகத்தைப் பொறுத்து 3 அல்லது 5 வருஷம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 முதல் 10 வருஷம் வரை. இண்டெல் 13, 14ஆம் தலைமுறைப் புராசஸர்களில் கோளாறு வெளிப்பட்ட 2024இல், பாதிக்கப்பட்ட ரகங்களைப் பெட்டியோடு வாங்கியவர்களுக்கு 3 வருஷ வாரண்டியை 5 ஆக நீட்டினார்கள். பாகம் கெட்டால் நாமே கழற்றிச் சர்வீஸ் சென்டருக்கோ கூரியருக்கோ கொடுக்க வேண்டும், அது ஒரு தொல்லைதான். ஒரு வருஷச் சௌகரியத்துக்காக மூன்று வருஷப் பாதுகாப்பை விடுகிறோம் என்பதை அவர் வாசகரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை அவர் அவமதித்த விதத்துக்கு வருகிறேன். அங்கே போனால் ஏமாற்றுவார்கள் என்று ஒரே வரியில் ஒரு தெருவையே திருடர்கள் கூட்டமாக்கிவிட்டார். ரேடியோ பாகம் விற்ற காலத்திலிருந்து, பெரிய படிப்பு இல்லாத எத்தனையோ பேர் கையால் தொழில் கற்ற தெரு அது. ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இந்திய வாரண்டி இல்லாத சரக்கைத் தள்ளிவிடுகிறவர்கள், கையில் தூக்கினால் எடையே இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்கள் எனக்கும் தெரியும். அவர்களிடமிருந்து தப்பிக்கும் வழியைச் சொல்வதுதானே விவரம் தெரிந்தவர் வேலை? ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பெட்டிகளின் சீலை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். சீரியல் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் அடித்து வாரண்டி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். காலிப் பெட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவுக்கும் ஒத்துக்கொள்ளாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

எல்லோரும் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியுமா என்று கடைசியாகக் கேட்கிறார். யார் பிடிக்கச் சொன்னார்கள்? கடையிலேயே மாட்டித் தருகிறார்கள். பிடிக்க விரும்புகிறவர்களுக்கும் அது பெரிய வித்தை இல்லை. ராம் ஸ்டிக்கில் நடுவிலிருந்து சற்றே விலகி இருக்கும் வெட்டு, திருப்பிச் செருக விடாது. பாலிடெக்னிக் பிள்ளைகள் லேப்பில் கழற்றி மாட்டிப் பழகுகிற வேலைதான் இது. தன் மெஷினைத் தானே ஒருமுறை மாட்டிய பிள்ளை, அது கெட்டால் பயப்பட மாட்டாள்.

பிராண்டடே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐம்பது மெஷின் வாங்கி ஒரே ஒப்பந்தத்தில் பராமரிக்கும் அலுவலகம் வாங்கட்டும். பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லாத முதியவர்கள் வாங்கட்டும். வாங்குகிறவர்கள் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஏற்கும் பெரிய கேபினட் மாடலாகப் பார்த்து, இரண்டு ராம் ஸ்லாட்டாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்கட்டும். அந்த இரண்டு கேள்வியைக்கூடத் தன் கட்டுரையில் சொல்லித்தராதவர்தான், வாசகர்கள் உள்ளே பார்க்க வேண்டியதில்லை என்கிறார்.

கட்டுரையாளரிடம் கேட்பது ஒன்றுதான். அவர் ஒப்பிட்ட இரண்டு மெஷின்களின் முழுப் பாகப் பட்டியலையும், எஸ்எம்பிஎஸ்ஸின் வாட், இணைப்பின் பின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் வாரண்டி காலம் உட்பட, அடுத்த இதழில் அச்சிடட்டும். அதுவரை, அவர் கட்டுரையை நம்பி முன்பணம் கட்ட நினைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.